காரியம் முடியாமல் திரும்பிய தூதர்

அன்புள்ள ஐயா,

பாரசீகத்துக்குப் போன ஸ்பானியத் தூதர் கார்சியா தெ சில்வா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பத்து வருடம் அலைந்து, போன காரியம் எதுவும் முடியாமல், திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனவர். அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்? புரியாமல்தான் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காரியம் முடியவில்லை என்பது உண்மைதான். பாரசீக அரசர் ஷா அப்பாஸ் பிடித்துக்கொண்ட பஹ்ரைனைத் திரும்பக் கேட்க வேண்டும், துருக்கியரோடு அவர் சமாதானமாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இதற்காகத்தான் ஸ்பெயின் அரசர் மூன்றாம் ஃபிலிப் அவரை அனுப்பினார். இரண்டும் நடக்கவில்லை. 1622இல், பாரசீக வளைகுடாவின் வாயிலில் போர்ச்சுகீசியர் வைத்திருந்த ஹொர்மூஸ் தீவே கைவிட்டுப் போனது, அதுவும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் ஷாவுக்குத் துணை வந்ததால்.

ஆனால் அந்தத் தோல்வியை அவர் தலையில் மட்டும் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1614இல் லிஸ்பனில் கப்பல் ஏறும்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அதே வருடம் கோவா வந்தார், 1617 வரை அங்கேயே முடங்கிக் கிடந்தார். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் அப்போது ஒரே அரசர், ஆனால் தங்கள் கடலில் ஒரு காஸ்தீலிய, அதாவது ஸ்பானிய, பிரபு தூது போவது போர்ச்சுகீசியருக்குப் பிடிக்கவே இல்லை. அப்போதைய கோவா வைஸ்ராய் ஜெரோனிமோ த அசவேது, இலங்கையில் பல வருடம் தளபதியாக இருந்து கொடுமைக்குப் பேர்போன அதே ஆள்தான்.

சரி, நான் கொண்டாடுவது எதை என்று சொல்கிறேன். 1618 வசந்தத்தில், ஷாவைப் பார்க்கப் போகும் வழியில், ஷிராஸைத் தாண்டி ஊர்க்காரர்கள் ‘செஹெல் மினார்’, அதாவது நாற்பது தூண்கள், என்று சொல்லும் இடிபாட்டுக்கு அவர் போனார். அவருக்கு முன்பே ஐரோப்பியர்கள் சிலர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இவரோ பழைய கிரேக்க ஆசிரியர் தியோதோரஸ் அந்த அரண்மனையைப் பற்றி எழுதியதை மனசில் வைத்துக்கொண்டு தூண்களையும் படிகளையும் பார்த்து, அலெக்சாந்தர் எரித்த பழைய பாரசீகத் தலைநகர் பெர்சபொலிஸ் இதுதான் என்று அடையாளம் சொன்னார். அப்புறம் சுவரில் இருந்த எழுத்து. இது எபிரேயமும் இல்லை, கிரேக்கமும் இல்லை, அரபியும் இல்லை, எல்லாம் கொஞ்சம் நீண்ட முக்கோணங்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் அவை வைக்கப்பட்டிருக்கும் விதத்தில் மட்டும்தான் என்று எழுதினார். ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன அந்தப் பழைய ஆப்பெழுத்தைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில், வெறும் கண்ணால் பார்த்து, அதன் அடிப்படையையே பிடித்துவிட்டார் பாருங்கள். அந்த எழுத்தில் தாரயவுஷ் (டேரியஸ்), செர்க்சஸ் என்ற பழைய பாரசீக அரசர்களின் பெயர்களை ஜெர்மானியர் க்ரோட்டஃபெண்ட் படித்தது 1802இல்தான்.

தான் பார்த்ததை 1619இல் இஸ்ஃபகானிலிருந்து ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார், அடுத்த வருடமே அது ஆன்ட்வெர்ப்பில் லத்தீனில் அச்சானது. பயணம் முழுக்க எழுதிவந்த பெரிய குறிப்புதான் பாவம், 1667இல் பிரெஞ்சில் வந்தது, அவருடைய சொந்த மொழியில் மத்ரீதில் அச்சேற 1903 ஆகிவிட்டது. அவர் கடலில் இறந்து அதற்குள் 279 வருடம்.