வியட்நாம்: வேளாண்மையின் பங்கு குறைந்தால் வீழ்ச்சியா?

வணக்கம். வியட்நாமின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வேளாண்மையின் பங்கு 1980களின் இறுதியில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்து இன்று சுமார் 12 ஆகிவிட்டதே, ஆய்வேட்டில் இதை 'விவசாயத்தின் வீழ்ச்சி' எனலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

குறைந்தது பங்கு மட்டுமே. நெல் விளைச்சலோ அதே காலத்தில் இரு மடங்குக்கு மேல் பெருகியது. தொழில்துறை அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. உங்கள் அத்தியாயத்தின் மையம் வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை 1988இல் எடுத்த பத்தாம் தீர்மானமாக இருக்க வேண்டும். அதுவரை கூட்டுறவுகளின் பிடியில் இருந்த நிலத்தை அது குடும்பங்களுக்கு நீண்ட காலத்துக்குக் கொடுத்தது. விளைச்சலில் முன்பைவிடப் பெரிய பங்கு உழுதவர் கைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்புவரை வடபகுதியில் பசி; 1989இலேயே பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி! எனக்கு இன்றும் வியப்பூட்டும் திருப்பம் இது. 1993 நிலச் சட்டம், நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மாற்றவும் அடகு வைக்கவும் வழிசெய்தது.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உழைப்பாளர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் அந்த 12 விழுக்காட்டைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். உங்கள் அட்டவணையில் வேலைவாய்ப்புப் பங்கையும் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் கேட்கப்போவது அதைத்தான்.