கழுத்துத் தமனியில் 64 விழுக்காடு அடைப்பு: குமிழி ஸ்கேன் தேவையா?

கேள்வி: பாலக்கோட்டில் வசிக்கும் என் தந்தைக்கு வயது 62. சர்க்கரை நோயாளி, பல ஆண்டுகள் பீடி பிடித்தவர். எந்தத் தொந்தரவும் இல்லாத நிலையில் இலவச முகாம் ஒன்றில் கழுத்து ஸ்கேன் எடுத்து, இடது தமனியில் 64 விழுக்காடு அடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். கொழுப்புப் படிவுக்குள் இரத்த ஓட்டம் இருந்தால் அது எந்நேரமும் வெடிக்கும் என்றும், அதைக் காட்டும் குமிழி ஸ்கேனைப் பெங்களூரில் உடனே எடுக்க வேண்டும் என்றும் முகாமுக்கு வந்த ஏஜென்ட் ஒருவர் முன்பணம் கேட்கிறார். எடுக்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம். ஏஜென்ட் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள்.

தமனியின் சுவருக்கும் உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உண்டு. படிவு தடிக்கும்போது அதன் உட்பகுதிக்குப் பிராணவாயு போதாமல், புதிய குழாய்கள் அதற்குள் முளைக்கின்றன. இவை வலுவற்றவை என்பதால் கசிந்து, படிவுக்குள்ளேயே இரத்தம் கட்டி, அது உடைய வழி செய்யக்கூடும். சாதாரண டாப்ளர் ஸ்கேனில் இவ்வளவு மெல்லிய ஓட்டம் தெரியாது. ஆகவே சிவப்பணுவைவிடச் சிறிய வாயுக் குமிழிகளைக் கை நரம்பில் ஊசியாகச் செலுத்தி, அவை படிவுக்குள் மின்னுகின்றனவா என்று பார்க்கிறார்கள். வாயு மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமையில்லை. நல்ல பரிசோதனைதான். ஆனால் தமனியின் பின்சுவரில் இல்லாத ஒளியையும் அது சில வேளைகளில் இருப்பதாகக் காட்டும். தேர்ந்த கண் இல்லாவிட்டால் அதையே இரத்த ஓட்டம் என்று எழுதிவிடுவார்கள். மேலும், அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை இதைக் கொண்டு மட்டும் எந்த வல்லுநரும் முடிவு செய்வதில்லை. உங்கள் தந்தைக்குக் குமிழி மின்னினாலும் மின்னாவிட்டாலும் மருந்துச் சீட்டு மாறப்போவதில்லை.

இனி அந்த 64 என்ற எண்ணுக்கு வருகிறேன், ஏனெனில் ஏமாற்று தொடங்கும் இடம் அதுதான். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் அது பரப்பளவுக் கணக்கு என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. தமனிக்குள் இரத்தம் ஓடும் வழியின் விட்டம் 40 விழுக்காடு குறைந்தால் அதன் பரப்பளவு 64 விழுக்காடு குறையும். இரண்டும் ஒரே படிவுதான். சிகிச்சை முடிவுகள் விட்டக் கணக்கில் அமைந்தவை. அதே தாளில் இரத்தத்தின் உச்ச வேகம் நொடிக்கு 92 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. வழி குறுகினால் வேகம் கூடும்; அது 125ஐத் தாண்டினால்தான் விட்டக் கணக்கில் 50 விழுக்காட்டுக்கு மேல் அடைப்பு என்று கருதுவோம். எந்தக் கணக்கு என்று பெரிய எழுத்தில் எழுதச் சொல்ல இங்கே யாருமில்லை. நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. ஆனாலும் தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு ஏஜென்டுகள் ஆள் ஏற்றிச் செல்வது நின்றபாடில்லை, கேட்பாரும் இல்லை.

உங்கள் தந்தைக்கு வேண்டியவை பீடியை அடியோடு விடுவது, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, மருத்துவர் சொல்லும் கொழுப்பு மாத்திரையைத் தினமும் எடுப்பது ஆகியவையே. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெங்களூருக்குச் செலவழிக்க நினைத்த பணம் அப்படியே இருக்கட்டும்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. அதை அழுத்திச் சொல்கிறேன். வலது கையிலிருந்து டம்ளர் நழுவுவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, இடது கண்ணில் திரை இறங்கியதுபோல் பார்வை மறைவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இரண்டே நிமிடம் வந்து மறைந்திருந்தாலும், நான் மேலே சொன்ன நிதானம் பொருந்தாது. பித்தம், வெயில் என்று வீட்டிலேயே படுக்க வைத்துவிடுகிறார்கள். மறுநாள் பக்கவாதத்தோடு வருகிறார்கள். அடைப்பு கடுமையாக இருந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், அது இரண்டு வாரத்துக்குள் நடந்தால்தான் முழுப் பயன். அப்போதும் முதலில் எடுக்க வேண்டியது மூளைக்கும் கழுத்துத் தமனிக்கும் சிடி ஸ்கேன்; குமிழி ஸ்கேன் வேண்டுமா என்பதை நரம்பியல் மருத்துவர் பிறகு சொல்வார். அறிகுறி மறையாமல் நீடித்தால் 108ஐ அழைத்து, தொடங்கிய மணியைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம் என்பதால், மருத்துவமனையில் முதலில் கேட்பது அந்த மணியைத்தான்.