மன்னார்குடி பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவை, விலங்கு பற்றிச் சொல்லித்தர ஆசை. விலங்கியல் படிக்காத நான் எப்படித் தொடங்குவது?

பட்டமெல்லாம் தேவையே இல்லை. முதலில் தலைமை ஆசிரியரைப் பார்த்து அனுமதி வாங்குங்கள். பல பள்ளிகளில் தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் இருக்கும், அதைக் கவனிக்கும் ஆசிரியரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம், சிங்கம் புலி படமெல்லாம் வேண்டாம், பள்ளிக்குப் பக்கத்து வயலே போதும். சேற்றுழவு நடக்கும்போது டிராக்டர் பின்னாலேயே கொக்கு நடக்குமே, அது எதைப் பொறுக்குகிறது என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நத்தைகுத்தி நாரை வந்தால் அதிர்ஷ்டம்தான்: வாயை மூடினாலும் அலகுக்கு நடுவில் ஒரு இடைவெளி தெரியும், குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும். நத்தையைப் பிடித்துத் தின்ன வாகான அலகு. இதை ஒரு பிள்ளை தானாகக் கவனித்துவிட்டால் அன்றைக்கு வேறு பாடமே வேண்டாம்.

பாம்பு பற்றிக் கட்டாயம் பேசுங்கள். சாரைக்கு விஷமில்லை, வயல் எலியைத் தின்னும். ஆனால் கண்ணாடிவிரியனும் இருக்கிற ஊர், அதனால் எதையும் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிடித்துவந்து காட்டும் வித்தையெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிவிடும்.

வெளியே கூட்டிப்போக வடுவூர் ஏரி பக்கம்தான், நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல கூட்டம் (பறவைகளைச் சொல்கிறேன்). வெளிமானும் பூநாரையும் பார்க்கக் கோடியக்கரை. அதற்கு வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். சின்னக் குழுவாகவே போங்கள், ஒரே பைனாகுலருக்கு வகுப்பே வந்தால் சண்டைதான்.