இந்தியா ஏ அணியில் சதம் அடித்தால் இந்திய அணியில் இடம் உறுதியா? அந்த ரன்கள் கணக்கில் சேருமா?

இந்தியா ஏ என்பது சீனியர் இந்திய அணிக்கு அடுத்த நிலை அணி. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: சேரும். டெஸ்ட் ஆடும் நாடுகளின் ஏ அணிகள் மோதும் நான்கு நாள் ஆட்டத்துக்கு முதல்தர அந்தஸ்து உண்டு, அதாவது டெஸ்ட், ரஞ்சி போன்ற பலநாள் ஆட்டங்களின் வகை. 50 ஓவர் ஆட்டம் என்றால் லிஸ்ட் ஏ, அதாவது ஒருநாள் ஆட்டங்களின் வகை. நான்கு நாள் ஆட்டத்தில் அடித்தது ரஞ்சியில் அடித்த ரன்னோடு கூடும். டெஸ்ட், ஒருநாள் சர்வதேசக் கணக்கில்தான் ஏறாது. இங்கிலாந்தில் இதே அணிக்கு லயன்ஸ் என்று பெயர், பாகிஸ்தானில் ஷாஹீன்ஸ்.

இடம் உறுதியா என்றால், இல்லை. சீனியர் அணியில் எந்த இடம் காலியாகலாம் என்று பார்த்து, அதற்கான ஆளை அந்த நாட்டு ஆடுகளத்திலேயே இறக்கிச் சோதிப்பதுதான் ஏ அணிப் பயணத்தின் முக்கிய வேலை. பந்தே வேறு என்பதை மறக்கக்கூடாது. நம்மூர் எஸ்ஜி பந்தில் ஆறு வரிசைத் தையலும் கையால் போட்டது, சீம் என்னும் அந்தத் தையல் மேடு எடுப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஆடும் குக்கபுரா பந்தில் நடு இரண்டு வரிசை மட்டுமே கைத்தையல், மற்றவை இயந்திரம். சீம் சீக்கிரம் அமுங்கிவிடும். அதனால் ஆஸ்திரேலியாவில் புதுப்பந்தைத் தாண்டிய தொடக்க ஆட்டக்காரரின் 40, பந்து பழசான பிறகு ஐந்தாவதாக இறங்கியவரின் 80-ஐவிடப் பெரிதாக இருக்கலாம்.

2024 நவம்பரைப் பாருங்கள். ஆஸ்திரேலியா ஏ-வுடன் மக்காயிலும் மெல்போர்னிலும் இரண்டு ஆட்டங்கள். மெல்போர்னில் விக்கெட் கீப்பர் துருவ் ஜுரெல் 80, 68 அடித்தார். பெர்த் டெஸ்டில் வெறும் பேட்ஸ்மேனாகவே இடம் கிடைத்தது. அங்கே 11, 1 என்று அவுட்டானதும் அடுத்த டெஸ்டில் இடம் போயிற்று. அதே பயணத்தில் இருந்த நிதிஷ் குமார் ரெட்டியோ பெர்த்தில் அறிமுகமாகி, இந்தியா 150-க்குச் சுருண்ட இன்னிங்ஸில் 41 எடுத்து அதிகபட்ச ஸ்கோர் அடித்தார். வேகம் போடும் ஆல்ரவுண்டர் தேவை என்ற காலியிடம் ஏற்கெனவே இருந்தது, அவ்வளவுதான்.

காலியிடம் இல்லாவிட்டால் எவ்வளவு சாதித்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். 2018-இல் பெங்களூருவில் ஆஸ்திரேலியா ஏ-வுக்கு எதிராக முகமது சிராஜ் ஒரே இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். 2019 ஆகஸ்டில் டிரினிடாடில் வெஸ்ட் இண்டீஸ் ஏ-வுக்கு எதிரே அணி 14-க்கு 3 என்று தள்ளாடியபோது சுப்மன் கில் ஆட்டமிழக்காமல் 204. இருவருக்கும் டெஸ்ட் தொப்பி கிடைத்தது 2020 டிசம்பரில், ஒரே மெல்போர்ன் டெஸ்டில். அதற்கு முந்தைய அடிலெய்டு டெஸ்டில் ஷமி கையில் அடிபட்டு விலகினார், பிருத்வி ஷா நீக்கப்பட்டார், கதவு திறந்தது.

ஏ அணியில் உண்மையான சிக்கல் வேறு: பயணத்துக்குத் தேர்வாகி, ஆடாமல் திரும்புவது. அந்த நேரத்தில் உள்ளூரில் வேறொருவர் ரன் குவித்து முந்திவிடுவார். ராகுல் திராவிட் பயிற்சியாளராக இருந்தபோது, பயணத்துக்கு வந்த எல்லோருக்கும் ஆட்டம் தருவது என்று வைத்திருந்தது இதனால்தான். என் பார்வையில் முடிவைவிட அதுதான் ஏ அணிக்கு முக்கியம்.

அப்படியும் சிலருக்குக் கதவு திறப்பதில்லை. இந்தியா ஏ-வுக்குத் தலைமை தாங்கிய பிரியங்க் பஞ்சால் முதல்தர ஆட்டங்களில் 8,800-க்கும் மேல் ரன் எடுத்தவர். 2021-இல் ரோகித் சர்மாவுக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்கா போகும் டெஸ்ட் அணியில் பெயரும் வந்தது. 2025-இல் ஓய்வு பெறும்வரை ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.