அக்கா அனுப்பும் காசு உங்கள் வருமானமா?

கேள்வி: யாழ்ப்பாணம் கோப்பாயில் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் ஒரு வங்கிக்கு வருகிறது. கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பும் காசு இன்னொரு வங்கிக்கு வருகிறது. இரண்டினதும் ஒரு வருடக் கூற்றை இறக்கி எக்செல்லில் கூட்டிப் பார்த்தேன். நான் உழைப்பதைப்போல இரண்டு மடங்கு வருமானமும் கிட்டத்தட்ட அதே அளவு செலவும் காட்டுகிறது. எந்த மென்பொருள் பாவித்தால் சரியான கணக்கு வரும்?

பதில்: நீங்கள் கூட்டியதில் பிழை இல்லை. இந்தக் கணக்குக்குள் காசு வந்ததா, வெளியே போனதா என்பது மட்டும்தான் வங்கிக் கூற்றுக்குத் தெரியும். சம்பளக் கணக்கிலிருந்து மற்ற வங்கிக்கு 30,000 ரூபாய் மாற்றினால், ஒரு கூற்றில் அது போன காசு, மற்றதில் வந்த காசு. இரண்டையும் சேர்த்துக் கூட்டும்போது உழைக்காத வருமானமும் செய்யாத செலவும் வந்துவிடுகின்றன.

இதைத் தீர்க்க இரட்டைப் பதிவு முறையில் இயங்கும் மென்பொருள் வேண்டும். குனூகாஷைச் சொல்வேன். 1998இலிருந்து இருக்கிறது, இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். இணையத்தில் இயங்கும் சேவைகளை நம்பி வருடக்கணக்கான தரவைக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்ட மின்ட் சேவையே 2024 மார்ச்சில் மூடப்பட்டது. இணைய வங்கியின் கடவுச்சொல்லைக் கேட்கும் எந்தச் செயலிக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர் வீட்டில் இருந்தால் இரட்டைப் பதிவு என்றதும் பாதி விளங்கிவிடும். மற்றவர்களுக்கு இவ்வளவுதான்: காசு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது, இரண்டு இடத்தையும் எழுத வேண்டும்.

வங்கியிலிருந்து கூற்றை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) இறக்குங்கள். அதை எக்செல்லில் திறந்து சேமித்துவிட்டுப் பிறகு குனூகாஷில் ஏற்ற வேண்டாம். 03/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் 3. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் எக்செல் அதை மார்ச் 4 ஆக்கிவிடும். குனூகாஷ் ஏற்றும்போதே எது நாள், எது மாதம், எது தொகை என்று கேட்கும், மேலே உள்ள தலைப்பு வரிகளைத் தவிர்க்கவும் விடும். பிடிஎவ் மட்டும் கிடைத்தால் அதை மாற்றித் தரும் இணையத்தளங்களில் ஏற்றாதீர்கள், உங்கள் கணக்கு இலக்கம் முதல் எல்லாம் அதில் இருக்கிறது. மூன்று மாதத்தைக் கையால் தட்டினாலும் பரவாயில்லை.

ஏற்றியதும் ஒவ்வொரு பதிவுக்கும் மறுபக்கம் எது, அதாவது காசு எங்கிருந்து வந்தது அல்லது எங்கே போனது என்று கேட்கும். சொல்லாமல் விட்டவை ‘இம்பாலன்ஸ்-எல்கேஆர்’ (இலங்கை ரூபாயில் சமப்படாதவை) என்ற கணக்கில் போய்ச் சேரும். பயப்பட வேண்டாம், அது பிறகு பிரித்து அடுக்க வேண்டிய குவியல். முதல் மாதம் அலுப்பாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்வதை வைத்து அது பழகும், அடுத்த முறை மின்சாரக் கட்டணப் பதிவைக் கண்டதும் தானே மின்சாரத்தில் போட்டுக் காட்டும். இரண்டாவது வங்கியின் கோப்பை ஏற்றும்போது அதே 30,000 திரும்ப வரும். அதைப் புதிதாகச் சேர்க்காமல் ஏற்கெனவே உள்ள பதிவோடு பொருத்துங்கள்.

எந்த மென்பொருளும் தானாகச் சரிசெய்யாத இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் கூற்றில் ‘ஏரிஎம், திருநெல்வேலி, 20,000.00’ என்று ஒரு வரி இருக்கும். அதைச் செலவாகப் போடாதீர்கள். வங்கியில் இருந்த காசு கைப்பைக்கு வந்திருக்கிறது, இன்னும் செலவாகவில்லை. ‘கைக்காசு’ என்று ஒரு கணக்குத் திறந்து அதற்கு மாற்றுங்கள். சந்தையில் மரக்கறியும் மீனும், ஓட்டோ, ரியூசன் காசு, கோயில் உபயம் எல்லாம் அங்கிருந்துதான் போகின்றன. இங்கே வீட்டுச் செலவில் பெரும்பங்கு கைக்காசு, ஆகவே வங்கிக் கூற்றை மட்டும் அலசினால் பாதிக் கதைதான் தெரியும்.

அடுத்தது அக்காவின் காசு. இதைத்தான் நிறையப் பேர் பிழையாகப் பதிகிறார்கள். வீட்டுச் செலவுக்கென்று உங்களுக்கு அனுப்புவது வருமானம். வளவுக்கு மதில் கட்டச் சொல்லி 2,00,000 அனுப்பினால் அது உங்கள் காசே இல்லை, அவவுடைய காசு உங்களிடம் இருக்கிறது. பொறுப்புகளின் (மற்றவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியவை) கீழ் ‘அக்காவின் காசு’ என்று ஒரு கணக்குத் திறந்து வந்த தொகையை அதில் பதியுங்கள். சீமெந்து, மேசன் கூலி கொடுக்கும்போது அதிலிருந்தே கழியுங்கள். மதில் முடிந்ததும் மிச்சம் 14,500 என்று உடனே சொல்லலாம். காசு விசயத்தில் சகோதரங்களுக்குள் மனக்கசப்பு வந்த வீடுகளை நான் அறிவேன். அதில் பல இந்த ஒரு கணக்கு இல்லாததால் வந்தவை.

நகை அடகும் இப்படித்தான். அடகு வைத்து எடுத்த காசு வருமானமில்லை, கடன். மீட்கும்போது கட்டும் முதலும் செலவில்லை, வட்டி மட்டுமே செலவு. சேமிப்பு வட்டியில் பிடிக்கும் வரியையும் (2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம்) தனியாகப் பதியுங்கள். நமது வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, அறிக்கையையும் அந்த நாட்களுக்கே எடுங்கள்.

மாத முடிவில் இணக்கம் பார்ப்பதை, அதாவது வங்கிக் கூற்றும் உங்கள் பதிவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதை, விட்டுவிடாதீர்கள். கூற்றின் கடைசி மீதியைக் கொடுத்து பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரி போடுங்கள், வித்தியாசம் பூச்சியமாக வர வேண்டும். ஒருமுறை எனக்கு 250 ரூபாய் இடித்தது. தேடிப் பார்த்ததில், ஒரே கட்டணத்தை வங்கி இரண்டு தரம் பிடித்திருந்தது. கூற்றோடு போய்க் கேட்டதும் திருப்பி வைத்தார்கள்.

கைப்பைக்குக் கூற்று இல்லை. ஞாயிறு இரவு அதில் உள்ளதை எண்ணுங்கள். கணக்கில் 6,200 இருந்து கையில் 4,900 இருந்தால், 1,300ஐ ‘தெரியாத செலவு’ என்று பதிந்துவிட்டு அடுத்த கிழமையைத் தொடங்குங்கள். ஒரு வருடத்தையும் ஒரேயடியாக ஏற்ற வேண்டாம், கடைசி மூன்று மாதம் இப்போதைக்குப் போதும்.