கோவாவின் டாபோலிம் விமான நிலையம் கடற்படைக்குச் சொந்தமானதா, பொதுமக்களுக்கானதா? வார நாட்களில் காலை வேளையில் அங்கு பயணிகள் விமானங்கள் ஏன் இறங்குவதில்லை?

டாபோலிம் ஒரு கடற்படை விமானத் தளம். அதன் ஒரு பகுதியில் பயணிகள் விமானங்களுக்கு இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. ‘பொது விமான நிலையத்தைக் கடற்படையும் பயன்படுத்துகிறது’ என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. முதலில் கடற்படை, பிறகே பயணிகள் என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கும் விடை கிடைத்துவிடும். டாபோலிமுக்கு அருகே உள்ள வாஸ்கோ நகரில் சில ஆண்டுகள் வசித்து, அந்த நிலையத்தின் தரைப்பணிப் பிரிவு ஒன்றில் வேலை பார்த்தவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஐ.என்.எஸ். ஹன்சா என்பது அத்தளத்தின் பெயர். ஓடுபாதையும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாடும் கடற்படையின் கையில் உள்ளன. பயணிகள் முனையம், அதை ஒட்டி விமானங்கள் நிற்கும் இடம், பாதுகாப்புச் சோதனை, பயணப்பெட்டிகள் வரும் பட்டைகள் போன்றவை இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் பொறுப்பில் வருகின்றன. இவ்வாறு படைத் தளத்துக்குள் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியைத் துறைசார்ந்தவர்கள் ‘சிவில் என்கிளேவ்’ என்பார்கள். புனே, சண்டிகர், ஸ்ரீநகர், லே, பாக்டோக்ரா ஆகிய இடங்களில் விமானப்படைத் தளங்களிலும், விசாகப்பட்டினத்தில் கடற்படைத் தளத்திலும் இதே ஏற்பாடுதான் நடைமுறையில் இருந்து வந்திருக்கிறது. ஆகவே டாபோலிம் விதிவிலக்கு அல்ல. ஆனால் ஒரு மாநிலத்தின் சுற்றுலாப் பொருளாதாரம் முழுவதும் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஒரு போர் விமானத் தளத்தின் ஒற்றை ஓடுபாதையை நம்பியே வளர்ந்தது என்பது கோவாவுக்கே உரிய கதை.

அந்தக் கதை போர்த்துகீசியரிடமிருந்து தொடங்குகிறது. 1950களின் முற்பகுதி வரை கோவாவில் விமான நிலையமே இல்லை. இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் கோவா, டாமன், டையூ ஆகியவற்றை விட்டுக்கொடுக்கப் போர்த்துகல் மறுத்தது. அதனால் இந்திய அரசு 1950களின் நடுப்பகுதியில் பொருளாதாரத் தடையை இறுக்கியது. தரைவழிப் போக்குவரத்து நின்றுபோனது. இந்திய மண்ணைத் தொடாமல் தன் மூன்று பகுதிகளையும் இணைக்க வேண்டிய கட்டாயத்தில்தான் போர்த்துகீசிய நிர்வாகம் வாஸ்கோ நகருக்கு அருகே, கடலைப் பார்த்தபடி இருக்கும் செம்பாறை மேட்டு நிலத்தில் இந்த ஓடுபாதையை அமைத்து 1955இல் திறந்தது. அப்போதைய கவர்னர் ஜெனரல் பெனார்டு கெதேஷின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ‘டி.ஏ.ஐ.பி.’ என்னும் போர்த்துகீசிய இந்திய விமானச் சேவை, கோவாவிலிருந்து டாமன், டையூ வழியாகக் கராச்சிக்கு விமானங்களை இயக்கியது. பம்பாய் மிக அருகில் இருந்தும் அதைத் தவிர்த்துக் கராச்சியை நோக்கிப் பறந்தார்கள் என்பதிலிருந்தே இந்த நிலையம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது விளங்கும்.

1961 டிசம்பர் 18ஆம் நாள் காலையில், கோவா விடுதலைக்கான ‘ஆபரேஷன் விஜய்’ நடவடிக்கையின் தொடக்கத்திலேயே, இந்திய விமானப்படையின் 12 கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் டாபோலிம் ஓடுபாதையைத் தாக்கின. முனையக் கட்டடத்துக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் சேதம் வரக்கூடாது என்று அவற்றுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. நாளை நம்முடையதாகப் போகும் நிலையத்தை ஏன் இடிக்க வேண்டும் என்ற தெளிவு அந்தக் கட்டளையில் தெரிகிறது. அதன் பிறகு 8 கான்பெராக்கள் கொண்ட இரண்டாவது அணியும் வந்து தாக்கியது. அப்போது அங்கு கான்ஸ்டலேஷன், டி.சி.-4 ஆகிய வகைகளைச் சேர்ந்த இரண்டு பயணிகள் விமானங்கள் நின்றிருந்தன. அவை குண்டுகளுக்குத் தப்பின. அன்று இரவே போர்த்துகீசியர்கள் ஓடுபாதையில் விழுந்த குழிகளை அவசர அவசரமாக நிரப்பி, இருட்டில் அவ்விரு விமானங்களையும் கிளப்பிக் கராச்சிக்குக் கொண்டுசென்றுவிட்டார்கள். சேதமடைந்த ஓடுபாதையில் விளக்கொளி இன்றி நான்கு எஞ்சின் விமானத்தை எழுப்பிய அந்த விமானிகளின் துணிவை, அவர்கள் எந்தத் தரப்பினராக இருந்தாலும், விமானத் துறையில் வேலை செய்த எவராலும் மதிக்காமல் இருக்க முடியாது. மறுநாள் கோவா சரணடைந்தது.

இதன் பிறகு நடந்ததில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. முதல் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்த் 1961இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. கப்பல் கடலில் இருந்தாலும், அதன் விமானங்களுக்குக் கரையில் ஒரு வீடு வேண்டும். விமானிகள் பயிற்சி பெற ஓர் ஓடுபாதை வேண்டும். அதற்காகக் கோயம்புத்தூருக்கு அருகே, இன்று விமானப்படைத் தளமாக இருக்கும் சூலூரில்தான் ஐ.என்.எஸ். ஹன்சா 1961 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. ஆனால் சூலூர் கடலிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், கப்பலோடு இணைந்து இயங்கும் விமானங்களுக்கு அது பொருத்தமான இடமாக இல்லை. கோவா கைக்கு வந்ததும், மேற்குக் கடற்கரையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஆயத்தமாக ஓர் ஓடுபாதை கிடைத்தது. 1962இல் கடற்படை டாபோலிமைப் பொறுப்பேற்றது. 1964 ஜூனில் ஹன்சா தளம் சூலூரிலிருந்து அங்கு இடம் பெயர்ந்தது. இன்று கோவாவில் இறங்கும் தமிழ்நாட்டுப் பயணிகளில் மிகச் சிலருக்கே, அந்தத் தளம் கொங்கு நாட்டில் பிறந்தது என்பது தெரிந்திருக்கும்.

1971 போரில் கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகங்களைத் தாக்கிய விக்ராந்தின் சீ ஹாக், அலிஸே விமானங்கள் ஹன்சாவைத் தாயகமாகக் கொண்டவை. 1983 டிசம்பரில் சீ ஹாரியர் போர் விமானங்கள் வந்தன. 2016இல் அவை ஓய்வு பெறும் வரை டாபோலிமிலேயே இருந்தன. நீர்மூழ்கிகளைத் தேடும் டி.யு.-142 என்னும் பெரிய ரஷ்ய விமானங்கள் 1988இல் முதலில் கோவாவுக்கு வந்து, 1992இல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி திறக்கப்பட்ட பின் அங்கே மாற்றப்பட்டன. தற்போது மிக்-29கே போர் விமானங்களும், 2022 முதல் பி-8ஐ கண்காணிப்பு விமானங்களின் ஓர் அணியும் ஹன்சாவில் உள்ளன.

இனி நேரக் கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை சுமார் எட்டரை மணியிலிருந்து பிற்பகல் ஒரு மணி வரை ஓடுபாதை கடற்படைப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டிருப்பதே நீண்ட கால வழக்கம். சனி, ஞாயிறுகளில் இந்தத் தடை இல்லை. ‘இடையில் ஒரு பயணிகள் விமானத்தை இறக்கிவிட்டால் என்ன?’ என்று பலர் கேட்பார்கள். ஒரு போர் விமானி பயிற்சியின்போது ஒரு முறை எழுந்து ஒரு முறை இறங்குவதில்லை. எழுந்து, வட்டமடித்து, சக்கரம் தரையைத் தொட்டதும் மீண்டும் எழும்பி, இதையே திரும்பத் திரும்பச் செய்கிறார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் அதே வட்டத்தில் வந்துகொண்டிருப்பார். எரிபொருள் குறைந்து திரும்பும் போர் விமானத்துக்கு, ‘முன்னால் ஒரு ஏர்பஸ் இறங்குகிறது, பத்து நிமிடம் காத்திருங்கள்’ என்று சொல்ல முடியாது. அதோடு, கப்பலின் குறுகிய மேல்தளத்தில் இறங்கக் கற்றுக்கொள்பவர்களுக்காகவே ஹன்சாவில் கரையோரப் பயிற்சி அமைப்பு ஒன்று கட்டப்பட்டிருக்கிறது: கப்பலில் இருப்பதைப் போலவே முன்புறம் மேல்நோக்கி வளைந்த, விமானம் எழும்பும் தளமும், விமானத்தின் கொக்கியைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளும் அதில் உண்டு. 2019 செப்டம்பரில் கடற்படைக்கான தேஜஸ் விமானம் முதன்முறையாகக் கம்பியில் சிக்கி இறங்கிக் காட்டியது இந்த அமைப்பில்தான். நடுக்கடலில் முதல் முறை இறங்குவதற்கு முன் தவறு செய்து திருத்திக்கொள்ள ஒரு விமானிக்கு இந்த இடம் தேவை. காலை நேரத்தைக் கடற்படை பிடித்து வைத்துக்கொண்டது பிடிவாதத்தினால் அன்று. அந்த வேலையின் இயல்பே அப்படிப்பட்டது.

ஆயினும் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான்கரை மணி நேரத்துக்கு மூடியிருந்த ஓடுபாதை ஒரு மணிக்குத் திறந்ததும், வரிசையாக விமானங்கள் வந்து இறங்கத் தொடங்கும். காலையில் ஓய்ந்திருந்த முனையம் பிற்பகலில் திணறும். ஏணி, டிராக்டர், பேருந்து, ஆட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எல்லா விமானங்களுக்கும் தேவைப்படும். ஓடுபாதைக்கு இணையாக முழு நீளத்துக்கும் டாக்ஸிவே (விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் பாதை) நெடுங்காலம் இல்லாததால், இறங்கிய விமானம் சில வேளைகளில் ஓடுபாதையிலேயே திரும்பி வர நேரும். அதுவரை அடுத்த விமானம் வானில் சுற்றிக்கொண்டிருக்கும். விமானம் தாமதமானதற்குப் பயணிகள் எங்களைக் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. இத்தனை நெருக்கடிக்கு நடுவிலும் 2018–19ஆம் நிதியாண்டில் அந்த நிலையம் 80 லட்சத்துக்கும் அதிகமான பயணிகளைக் கையாண்டது. அதைச் சாத்தியமாக்கிய கடற்படைக் கட்டுப்பாட்டாளர்களும் ஆணைய ஊழியர்களும் பாராட்டுக்கு உரியவர்கள்.

ஒரே ஓடுபாதை என்பதால், ஒருவருக்கு நேரும் விபத்து மற்றவரையும் முடக்கும். 2016 டிசம்பர் 27ஆம் நாள் அதிகாலையில் மும்பைக்குப் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் போயிங் 737 விமானம் ஓடுபாதையை விட்டு விலகியபோது நிலையம் சில மணி நேரம் மூடப்பட்டது. 2018 ஜனவரியில் ஒரு மிக்-29கே ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பிடித்தது. பயிற்சி விமானி உயிர் தப்பினார். அதே ஆண்டு ஜூனில் இன்னொரு மிக்-29கே விமானத்திலிருந்து எரிபொருள் கலன் கழன்று ஓடுபாதையில் விழுந்து எரிந்தது. இவற்றையெல்லாம் விடப் பெரிய துயரம் 2002 அக்டோபர் 1ஆம் நாள் நடந்தது: கடற்படையின் இரண்டு ஐ.எல்.-38 கண்காணிப்பு விமானங்கள் டாபோலிமுக்கு மேலே அணிவகுத்துப் பறந்தபோது ஒன்றோடொன்று மோதின. அவற்றில் இருந்த 12 பேரும் இறந்தார்கள்; தரையில் இருந்தவர்களும் உயிரிழந்தார்கள்.

பயணிகள் சேவையின் வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1960களின் பிற்பகுதியில் இந்தியன் ஏர்லைன்ஸ் சேவைகள் வழக்கமாயின. 1983 நவம்பரில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் டெல்லி மாநாட்டுக்கு இடையே ஓய்வுக்காகக் கோவா வந்தது, அந்தப் பகுதியின் பெயரை உலகப் பயண வரைபடத்தில் ஏற்றியது. அதன் பின் ஜெர்மனி, பிரிட்டன், பிற்காலத்தில் ரஷ்யா ஆகிய நாடுகளிலிருந்து சார்ட்டர் விமானங்கள் (சுற்றுலாக் குழுக்களுக்காக மொத்தமாக வாடகைக்கு எடுக்கப்படுபவை) குளிர்காலம்தோறும் வந்தன. 2013 டிசம்பரில் இப்போதைய பெரிய முனையம் திறக்கப்பட்டது.

வடக்குக் கோவாவின் மோபாவில் இன்னொரு விமான நிலையம் வேண்டும் என்ற பேச்சு மேலே சொன்ன நெருக்கடியிலிருந்துதான் பிறந்தது. 2000ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை மோபாவுக்கு ஒப்புதல் அளித்தபோது, அது இயங்கத் தொடங்கியதும் டாபோலிமில் பயணிகள் சேவையை நிறுத்துவது என்ற நிபந்தனையும் இருந்தது. தெற்குக் கோவாவில் கிளம்பிய எதிர்ப்பினால் பிற்பாடு அந்த முடிவு மாற்றப்பட்டு, இரண்டும் இயங்கும் என்று உறுதி கூறப்பட்டது. கோவாவின் முன்னாள் முதலமைச்சர் மனோகர் பாரிக்கரின் பெயர் தாங்கிய மோபா நிலையம் 2022 டிசம்பர் 11ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டு, 2023 ஜனவரி 5 முதல் சேவையைத் தொடங்கியது. அங்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே வெளிநாட்டுச் சேவைகள் ஒவ்வொன்றாக அங்கே நகர்ந்தன. கத்தார் ஏர்வேஸும் 2024இல் இடம் மாறியது. வாஸ்கோவிலும் மட்காவிலும் டாக்ஸி ஓட்டுபவர்களும் சிறு விடுதி நடத்துபவர்களும் இதைக் கவலையோடு பார்ப்பதை நான் அறிவேன். அந்தக் கவலை நியாயமானது. கடற்படை இருக்கும்வரை ஓடுபாதை மூடப்படாது. ஆனால் ஓடுபாதை இருப்பதனால் மட்டும் விமான நிறுவனங்கள் வந்துவிடுவதில்லை. டாபோலிமை மூடமாட்டோம் என்று மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்வதைக் காட்டிலும், வார நாள் காலையில் ஒரு மணி நேரத்தையாவது கூடுதலாகப் பெற்றுத் தருவதே தெற்குக் கோவாவுக்கு உதவும் என்பது என் கருத்து. கர்நாடகத்தில் கார்வார் கடற்படைத் தளத்துக்காக அங்கோலா அருகே திட்டமிடப்பட்டிருக்கும் விமானத் தளம் செயலுக்கு வந்து, பயிற்சியின் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்ளுமானால், இதற்கு வழி பிறக்கலாம்.

பயணம் செய்யும் எண்ணத்தில் கேட்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பயணச்சீட்டில் ‘ஜி.ஓ.ஐ.’ என்று இருந்தால் டாபோலிம், ‘ஜி.ஓ.எக்ஸ்.’ என்று இருந்தால் மோபா. தெற்குக் கோவாவின் மட்காவ், கோல்வா, பலோலெம் செல்பவர்களுக்கு டாபோலிமே அருகில் உள்ளது. மோபாவில் இறங்கினால் மாநிலத்தின் பெரும்பகுதியைச் சாலை வழியே கடந்து வர வேண்டியிருக்கும். டாபோலிமில் விமானத்திலிருந்து இறங்கி நடக்கும்போது அப்பால் நிற்கும் கடற்படை விமானங்களைப் படம் எடுக்காதீர்கள். அது படைத் தளம் என்பதால் அங்கே படம் எடுக்கத் தடை உண்டு.