நடுவர் நாற்காலியை விட்டு எழுந்து வரட்டும்

வணக்கம் அம்மா.

உங்கள் மகளின் இரண்டு பயிற்சிக் கட்டுரைகளையும் படித்தேன். இங்கிலீஷ் போதவில்லையோ, ஸ்போக்கன் கிளாஸில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவள் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு, யுசிஎல் போன்ற பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் சட்டப் படிப்புக்குக் கேட்கும் எல்நாட் தேர்வில் முதல் 95 நிமிடம் 42 கொள்குறி வினாக்கள். அடுத்த 40 நிமிடத்தில், மூன்று தலைப்புகளில் ஒன்றுக்குக் கட்டுரை. கட்டுரைக்குத் தேர்வு நடத்துபவர்கள் மதிப்பெண் போடுவதில்லை. அப்படியே பல்கலைக்கழகங்களுக்குப் போய்விடும். அங்கே கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர், இந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து வாதம் செய்ய முடியுமா என்று பார்ப்பார்.

'வாக்களிப்பதைக் கட்டாயமாக்கலாமா?' என்ற கட்டுரையில் முன்னுரைக்கே கால் மணி நேரம் ஆனதாக அவளே சொன்னாள். கிரேக்கம், மக்களாட்சி, நடுவில் ஒரு காந்தி மேற்கோள். (அடுத்த கட்டுரையிலும் அதே மேற்கோள்!) பிறகு ஆதரவாக மூன்று, எதிராக மூன்று. பட்டிமன்ற நடுவர் போல இரு தரப்புக்கும் சபாஷ் போடுகிறாள். நடுவராவது கடைசியில் தீர்ப்புச் சொல்வார். இவளுக்கு அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அவள் பேச்சாளராக வேண்டும். முதலில் கேள்வியைப் பிரிக்கட்டும்: எது கட்டாயம்? ஆஸ்திரேலியாவில் 1924 முதல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம். ஆனால் ரகசிய வாக்கு என்பதால், சீட்டை வாங்கி வெறுமனே மடித்துப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. நம் ஊரில் 2013 முதல் நோட்டா இருக்கிறது. ஆக, 'பிடிக்காதவருக்கு ஓட்டுப் போடச் சொல்கிறார்கள்' என்ற எதிர்வாதம் வலுவிழக்கிறது. வலுவானது வேறொன்று. ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்தவர் ஓட்டுப் போடச் சொந்த ஊர் போனால் பல நாள் கூலி போகும். அவருக்கும் அபராதமா? இந்த இடத்தில் அவளுக்கென்று ஒரு நிலைப்பாடு பிறக்கும்: இருக்கும் இடத்திலேயே வாக்களிக்க வழி செய்து கொடுத்த பிறகுதான் அரசு கட்டாயப்படுத்தலாம். இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடட்டும். கிரேக்கம் தேவையே இல்லை.

நிறையத் தெரிந்த தலைப்பை எடுக்கும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். தெரிந்ததையெல்லாம் கொட்டத்தான் கை போகும். எதிராளியின் மிகச் சிறந்த வாதத்தை எந்தத் தலைப்பில் சொல்ல முடிகிறதோ, அதை எடுக்கட்டும்.

முதல் எட்டு நிமிடம் யோசனைக்கும் குறிப்புக்கும். கடைசி ஐந்து நிமிடம் திருத்த. இடையில் எழுதுவது 500, 600 சொல் வந்தால் போதும், உச்சவரம்பு 750. தேர்வு கணினியில்தான், அவளோ இன்னும் நோட்டில் எழுதிப் பழகுகிறாள். இன்றே கீபோர்டுக்கு மாறட்டும், எழுத்துப்பிழை திருத்தும் வசதியை அணைத்துவிட்டு. ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒரு முறைதான் எழுதலாம். ஆக்ஸ்ஃபோர்டு என்றால் அக்டோபர் பாதிக்குள் முடித்தாக வேண்டும்.

அதே வாக்குரிமைத் தலைப்பை, இந்த முறை கட்டாயமாக்கவே கூடாது என்ற தரப்பில் நின்று எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லுங்கள். எழுதும்போது நீங்கள் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்க்க வேண்டாம், அம்மா.